விலை ஏறும் நாளில் இறங்குவேன் என்றேன்

தக்காளி மண்டியில் ஏலம் கூவுவதெல்லாம் ஒரு வேலையா என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். என் மகளைப் பெண் பார்க்க வந்தவர்களில் ஒருவர் அப்படித்தான் கேட்டார். மாப்பிள்ளை வீட்டார் ஆயிற்றே என்று நான் பல்லைக் கடித்துக்கொண்டு இருக்கவில்லை. "காலைல பாலக்கோட்டுக்கு வந்து பாத்துட்டு அப்பறம் சொல்லுங்க" என்றேன். அந்தச் சம்பந்தம் அதோடு நின்றுபோனது. மகளுக்கு அதைவிட நல்ல இடம் ஓசூரில் அமைந்தது, அது வேறு விஷயம். என் வேலையை யாராவது இளக்காரமாகப் பேசினால் எனக்குக் கோபம் மூக்குக்கு மேல் வந்துவிடும். வேலையை விட்டு இறங்கிவிட்ட இப்போதும் வருகிறது.

வேலை இதுதான். விடிவதற்குள் தக்காளி வந்துவிடும். டிராக்டரில் வரும், குட்டி யானை வண்டியில் வரும், பஸ் கூரை மேலும் வரும். ஒவ்வொரு விவசாயியும் தன் கிரேட்டுகளை அடுக்கி வைத்துவிட்டு அதன் பின்னால் நிற்பார். வியாபாரிகள் முன்னால் நிற்பார்கள். நான் ஒரு காலி கிரேட்டைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் ஏறுவேன். அடுக்கிலிருந்து ஒரு பழத்தை எடுத்துப் பிளந்து எல்லோருக்கும் காட்டுவேன். பிறகு கூவ ஆரம்பிப்பேன். வியாபாரிகள் கேட்கிற விலை, அதாவது கேள்வி, ஏறும், ஏறும், ஓரிடத்தில் நிற்கும். ஒரு தரம், ரெண்டு தரம், மூணு தரம் என்று சொல்லி முடித்துவிட்டு அடுத்த அடுக்குக்குப் போவேன். கேட்க எளிதாகத்தான் இருக்கும். ஏறி நின்று பார்த்தால்தான் தெரியும், முன்னால் நிற்பவன் முகத்தையும் பின்னால் நிற்பவன் வயிற்றையும் ஒரே நேரத்தில் பார்க்க வேண்டும் என்று.

நான் அந்த மண்டிக்குள் போனது சுமை தூக்க. "வழி, வழி" என்று காது கிழியக் கத்திக்கொண்டு ஓடுவேன். ஒருநாள் ஏலம் கூவுகிறவர் குடும்பத்தோடு தீர்த்தமலைக்குப் போய்விட்டார். சரக்கு நிற்கிறது, வியாபாரிகள் நிற்கிறார்கள், கூவ ஆள் இல்லை. அப்போதிருந்த முதலாளி என்னைப் பார்த்து, "உனக்குத்தான் தொண்ட இருக்குதேடா, ஏறு" என்றார். ஏறினேன். கேள்வி நின்ற இடத்தில் ஒரு தரம் சொன்னேன், ரெண்டு தரம் சொன்னேன். அதற்குமேல் என்ன சொல்ல வேண்டும் என்பது சுத்தமாக மறந்துபோனது. வாயைத் திறந்தபடி நிற்கிறேன், ஒன்றும் வரவில்லை. மூன்றுக்குப் போகத் தெரியாமல் நின்ற ஏலக்காரன் உலகத்திலேயே நான் ஒருவனாகத்தான் இருப்பேன். கடைசியாகக் கேட்ட கர்நாடக வியாபாரி, தனக்குப் பின்னால் வேறு யாரோ கை தூக்கிவிட்டதாக நினைத்துக்கொண்டார். திரும்பிக்கூடப் பார்க்காமல் தன் கேள்வியைத் தானே உயர்த்திவிட்டார். மண்டியே சிரித்தது. முதலாளிக்கு நான் பெரிய கெட்டிக்காரனாகத் தெரிந்தேன். மறுநாளிலிருந்து சுமை இறக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டார்.

அன்று மறதியில் வந்ததை அப்புறம் வேண்டுமென்றே செய்தேன். ரெண்டு தரத்துக்கும் மூணு தரத்துக்கும் நடுவில் நிறுத்துவேன். சும்மா நிற்க மாட்டேன். ஒவ்வொரு வியாபாரியின் முகமாகப் பார்த்துக்கொண்டே வருவேன். வாங்கலாமா விடலாமா என்று இரண்டு மனதாக இருப்பவனால் அந்த நேரத்தைத் தாங்க முடியாது, வாயைத் திறந்துவிடுவான். மூணையும் ஒரே மூச்சில் சொன்னால் வியாபாரிக்கு லாபம், நிறுத்திச் சொன்னால் விவசாயிக்கு லாபம். கணக்கு அவ்வளவுதான். அந்தக் கர்நாடக வியாபாரி அன்று பட்டதற்குப் பிறகு என் எதிரில் வந்து நின்றாலே, "பேக ஹேளப்பா, பேக" என்று சீக்கிரப்படுத்துவார். நானும் அவர் பாஷையிலேயே "ஸ்வல்ப தாளப்பா" என்று பொறுத்துக்கொள்ளச் சொல்வேன். வருஷக்கணக்காக இந்தச் சண்டை. அவருக்கும் முடி நரைத்துவிட்டது, எனக்கும் நரைத்துவிட்டது, இரண்டு பேரும் விட்டுக்கொடுக்கவில்லை.

வேறு மண்டியில் கொஞ்சம் இடம் காலியாக இருந்தாலும், "நிறுத்திக் கூவறவர் கிட்டயே எறக்கு" என்று விவசாயிகள் எங்கள் மண்டி வாசலில் காத்திருப்பார்கள். தெலுங்கு பேசுகிற விவசாயி வந்தால் தெலுங்கிலும் ஒரு வார்த்தை சேர்த்துக் கூவுவேன். இதையெல்லாம் சொல்லிக்கொள்வதில் எனக்குக் கூச்சம் கிடையாது. நான் நன்றாகக் கூவினேன். இந்தப் பக்கத்தில் என்னைவிட நன்றாகக் கூவியவர் யாரும் இல்லை.

இறங்க வேண்டும் என்ற எண்ணத்தைக் கொடுத்தது ஒரு வீடியோ. யாரோ ஒரு விவசாயி போனில் என்னைப் படம்பிடித்து ஒரு குரூப்பில் போட்டிருக்கிறார். அது சுற்றிச் சுற்றி என் மகளிடம் போய், அவள் எனக்கு அனுப்பினாள். "அப்பா, நீங்க வைரலாயிட்டீங்க" என்று அவளுக்கு ஒரே சந்தோஷம். நானும் பெருமையாகத்தான் பார்க்க ஆரம்பித்தேன். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நிற்கிற நிற்பு நன்றாகவே இருந்தது. ரெண்டு தரம் சொன்னேன். நிறுத்தினேன். அந்த இடத்தில்தான் எனக்குத் திக்கென்றது. நான் யார் முகத்தையும் பார்க்கவில்லை. தோள் ஏறி இறங்குகிறது. நான் மூச்சு வாங்கிக்கொண்டிருந்தேன்.

வேறு யாரும் அதைக் கவனிக்கவில்லை. மகள் கவனிக்கவில்லை, என் மனைவிக்குக் காட்டினேன், அவளும் கவனிக்கவில்லை. ஆனால் எனக்குத் தெரிந்துவிட்டது. இன்னும் ஒரு வருஷம் போனால் எல்லோருக்கும் தெரியும். பாவம், முடியவில்லை அவருக்கு என்று யாராவது ஒருவர் சொல்வார். அந்த வார்த்தை என் காதில் விழுவதற்கு முன்னால் நானே இறங்கிவிட வேண்டும் என்று முடிவு செய்தேன். முதலாளி போகச் சொல்லிப் போகக்கூடாது. தொண்டை போகச் சொல்லியும் போகக்கூடாது. இறங்குகிற நாளை நான்தான் குறிக்க வேண்டும்.

அதோடு நிறுத்தியிருக்கலாம். என் வாய் நிற்காதே. மண்டிக்குப் பக்கத்து டீக்கடையில் பத்துப் பேர் இருக்கும்போது அறிவித்தேன்: "தக்காளி வெல உச்சத்துல போற ஒரு நாள்ல, நல்ல சரக்கு மேல கடைசித் தரம் சொல்லிட்டு எறங்கிருவன். பொன்னாடை, மாலை ஒண்ணும் வாணாம்."

பழைய முதலாளியின் மகன்தான் இப்போது முதலாளி, என்னைவிடச் சின்னவர். "இன்னும் ரெண்டு வருசம் இருங்கண்ணா, என்னா அவசரம்?" என்றார்.

"போவச் சொல்றதுக்கு முன்னாடி போனாத்தான்யா மரியாத" என்றேன்.

என் மனதில் படம் தெளிவாக இருந்தது. வியாபாரிகள் முண்டியடிப்பார்கள். கேள்வி மேலே மேலே போகும். விவசாயி வாயெல்லாம் பல்லாக நிற்பார். நான் கடைசியாக ஒருமுறை நிறுத்தி, எல்லோர் முகத்தையும் பார்த்து, மூணு தரம் என்று சொல்லிவிட்டு இறங்குவேன். பேரனிடம் ஒருநாள் சொல்லலாம், உன் தாத்தா இறங்கிய அன்று தக்காளி என்ன விலை தெரியுமா என்று.

நான் அறிவித்தது தக்காளிக்குக் கேட்டுவிட்டது போலிருக்கிறது. அந்தப் பருவத்தில் மழை நன்றாகப் பெய்ததால் எல்லோரும் தக்காளியே நட்டிருந்தார்கள். ஆந்திராவிலும் நல்ல விளைச்சல். வியாபாரிகள் போனில் கோலார் விலையைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார்கள். விலை இறங்கியது, மேலும் இறங்கியது. ஏறும் ஏறும் என்று நான் காத்திருந்தேன். டீக்கடைக்காரர் தினமும் கேட்பார், "என்னாங்க, ரிட்டயர்டு எப்ப?" நான் "தக்காளியக் கேளு" என்பேன். முதல் வாரம் எல்லோரும் சிரித்தார்கள். மாதங்கள் போகப்போக யாருக்கும் சிரிப்பு வரவில்லை, எனக்கும்தான்.

இந்தப் பக்கம் என் தொண்டை கட்ட ஆரம்பித்தது. என் மனைவி சித்தரத்தை கொடுத்து வாயில் அடக்கிக்கொள்ளச் சொன்னாள், ராத்திரியில் மிளகுப் பால் கொடுத்தாள். தர்மபுரியில் ஒரு டாக்டரிடம் போனேன். கொஞ்ச நாள் பேசாமல் இருங்கள் என்றார். ஏலம் கூவுகிறவனிடம் சொல்கிற வைத்தியமா அது? விலை ஏறுவதற்குள் குரல் போய்விட்டால் என்ன செய்வது என்ற பயம் பிடித்துக்கொண்டது. அப்படிப் போனால் அது இறங்கியது ஆகாது, இறக்கிவிட்டது ஆகும். இதை யாரிடமும் சொல்லவில்லை. ஆனால் தினமும் கிரேட் மேல் ஏறும்போது அதே நினைப்புத்தான்.

முதலாளி கவனித்திருக்க வேண்டும். ஒருநாள் தோளில் மாட்டுகிற ஸ்பீக்கரும் வாய்க்குப் பக்கத்தில் வைக்கிற மைக்கும் வாங்கிக்கொண்டு வந்தார். "கொஞ்ச நாளைக்கிண்ணா" என்றார். நல்ல மனதோடுதான் வாங்கியிருந்தார். அவருக்காக ஒரு அடுக்குக்கு மாட்டிக்கொண்டு கூவினேன். குரல் கணீரென்று கேட்டது, பொய் சொல்லக்கூடாது. ரெண்டு தரம் சொல்லி நிறுத்தினேன். நான் நிறுத்தினாலும் ஸ்பீக்கர் நிறுத்தவில்லை, கொர்ரென்று இரைந்துகொண்டே இருந்தது. வியாபாரிகள் எல்லோரும் என் முகத்தை விட்டுவிட்டு அந்தப் பெட்டியைப் பார்த்தார்கள். கழற்றி முதலாளி கையில் கொடுத்துவிட்டேன். பேசாமல் இருக்கத் தெரியாத சாமானை வைத்துக்கொண்டு நான் என்ன ஏலம் கூவுவது?

அன்று சாயந்திரம் வீட்டில் களி தின்றுகொண்டே விலை இப்படிக் கிடக்கிறதே என்று புலம்பினேன். என் மனைவி கீரைக் குழம்பை ஊற்றியபடி கேட்டாள்:

"ஏங்க, வெல ஏறவே இல்லன்னா நீங்க எறங்கவே மாட்டீங்களா?"

"ஏறும்."

"எப்ப ஏறும்னு உங்களுக்குத் தெரியுமா? நாள நாந்தான் குறிப்பன்னீங்க. இப்ப தக்காளிதான குறிக்குது?"

எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. களியைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்து வாசலுக்குப் போய்விட்டேன். கொஞ்ச நேரத்தில் பசி தாங்காமல் திரும்பி வந்து மீதியைத் தின்றேன், அதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். அவள் குழம்பை இன்னொரு கரண்டி ஊற்றினாள். கோபம் வந்ததே அவள் சொன்னது சரி என்பதால்தான்.

அதற்குச் சில நாள் கழித்து அந்த நாள் வந்தது. விடியும்போதே தூறல். வியாபாரிகள் பாதிப் பேர் வரவில்லை. வந்தவர்களும் தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு ஓரமாக நின்றார்கள். விலையைச் சொன்னால் வெட்கக்கேடு, ஏற்றிவந்த வாடகைக்குக்கூடக் காணாது. ரோட்டோரத்தில் இரண்டு மூன்று பேர் கிரேட்டுகளைக் கவிழ்க்கத் தொடங்கிவிட்டார்கள். ஆடுகள் தின்றுகொண்டிருந்தன.

முதலாளி என்னிடம் வந்தார். "இன்னிக்கிக் கூவ வாணாங்கண்ணா. எல்லாத்துக்கும் ஒரே வெலையப் போட்டு மொத்தமா ஏத்தி வுட்டரலாம். உங்க தொண்டயாச்சும் மிஞ்சும்" என்றார். எனக்கும் அது சரியென்றே பட்டது. உள்ளதைச் சொன்னால், ஒரு மாதமாகவே நான் வேண்டாவெறுப்பாகத்தான் கூவிக்கொண்டிருந்தேன். நல்ல நாளுக்காகக் குரலைச் சேர்த்து வைக்கிறேன் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டிருந்தேன்.

அப்போது ஒரு அம்மா குரல் கொடுத்தார். பாப்பாரப்பட்டிப் பக்கத்திலிருந்து பஸ் மேல் ஏற்றிக்கொண்டு வந்தவர். நனைந்த முந்தானையால் தலையை மூடியிருந்தார்.

"கூவாம எப்டிங்க போடுவீங்க?"

முதலாளி பொறுமையாகத்தான் சொன்னார்: "அக்கா, கூவுனா மட்டும் என்னா வந்துரப் போவுது? எல்லாத்துக்கும் அதே வெலதான்."

"வெல வர்றது வரட்டுங்க. விடியறதுக்குள்ள பறிச்சி, ஒவ்வொண்ணாத் தொடச்சி, வெடிச்சதத் தள்ளி அடுக்கி எடுத்தாந்திருக்கறன். மொத்தத்துல அள்ளிப் போட்டீங்கன்னா, அவங்க கொண்டாந்த குப்பயும் எம் பழமும் ஒண்ணா? எம் பழத்தத் தனியாக் கூவுங்க. நாலு பேரு பாத்து வேணாம்னு சொல்லட்டும், போயிக்கறன்."

இத்தனை வருஷம் நான் செய்த வேலை என்ன என்று அந்த அம்மாதான் எனக்குச் சொன்னார். விலை வாங்கிக் கொடுப்பதுதான் என் பெருமை என்று நினைத்துக்கொண்டிருந்தேன். ஒருவர் சரக்கை மற்றவர் சரக்கோடு கலக்காமல், இது இன்னாருடையது, பாருங்கள், கேளுங்கள் என்று நாலு பேர் முன்னால் எடுத்து நிறுத்தியிருக்கிறேன். அதற்கு விலை ஏற வேண்டியதில்லை. இன்றைக்குத்தான் அந்த வேலைக்கு ஆள் வேண்டும்.

காலி கிரேட்டைக் கவிழ்த்துப் போட்டு ஏறினேன். முதலாளியைப் பார்த்து, "இன்னிக்கோட நான் எறங்கிக்கறன்பா" என்றேன்.

"இன்னிக்கா? என்னாங்கண்ணா வெளயாடறீங்களா? இந்த வெலைலயா?"

"வெலைக்கும் எனக்கும் என்னாயா சம்பந்தம்? நான் கூவறவன்" என்றேன். அதைச் சொன்னபோது இருந்த நிம்மதி எனக்கு அதற்கு முன்னால் பல மாதமாக இல்லை.

அந்த அம்மாவின் அடுக்கிலிருந்து ஒரு பழத்தை எடுத்தேன். கல்லு மாதிரி கெட்டி, ஒரு கீறல் கிடையாது. பிளந்து தலைக்கு மேலே தூக்கிக் காட்டினேன். தூறலுக்கு ஒதுங்கி ஓரமாக நின்ற வியாபாரிகளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டேன். வந்தார்கள். என் தொண்டையில் மிச்சம் இருந்ததை எல்லாம் எடுத்துக் கூவினேன். ஒருவர் கேட்டார். ஒரு தரம், ரெண்டு தரம். நிறுத்தினேன். மூச்சு வாங்குவதற்காக அல்ல. ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டு வந்தேன். கேரளத்துக்கு ஏற்றுகிற ஒருவர் தலையைச் சொறிந்துகொண்டு கொஞ்சம் ஏற்றினார். ரொம்ப இல்லை, பேருக்குத்தான். ஆனால் மற்ற சரக்கைவிட மேலே. அந்த அம்மா தலையை ஆட்டினார். மூணு தரம்.

இறங்கலாம் என்று காலை எடுத்தேன். எங்கே விட்டார்கள்? நான் இன்றோடு நிற்கப்போகிறேன் என்பது அதற்குள் வாசல் வரை போய்விட்டது. ரோட்டோரத்தில் கவிழ்த்துக்கொண்டிருந்தவர்கள் மிச்ச கிரேட்டுகளைத் தூக்கிக்கொண்டு உள்ளே வந்தார்கள். "எங்க சரக்கையும் கூவிட்டுப் போங்கண்ணா" என்றார் ஒருவர். "நீங்க கூவி வித்ததாவே இருக்கட்டும், அப்பறம் ஆட்டுக்குப் போட்டாலும் போடறன்" என்றார் இன்னொருவர். நாளை நான் குறித்தேன், நேரத்தை அவர்கள் குறித்துவிட்டார்கள். எனக்கு அதில் குறை ஒன்றும் இல்லை. உச்சிப் பொழுது வரை கூவினேன். ஒரு அடுக்கைக்கூட ஒரே மூச்சில் சொல்லித் தள்ளவில்லை.

கடைசி அடுக்குக்காரரின் பெயர்கூட எனக்குத் தெரியாது. அதற்குள் கூட்டம் சேர்ந்திருந்தது. பக்கத்து மண்டிகளில் கூவுகிறவர்களும் வந்து நின்றார்கள். ரெண்டு தரம் சொன்னபோது என் குரல் கரகரத்தது. நிறுத்தினேன். கர்நாடக வியாபாரி முன்னால் நின்றார், அவசரப்படுத்தவில்லை. கையிலிருந்த போனைச் சட்டைப் பைக்குள் போட்டுவிட்டு என் முகத்தைப் பார்த்தார். தகரக் கூரை மேல் தூறல் விழுகிற சத்தம் மட்டும் கேட்டது. எனக்குப் போதும் என்று தோன்றுகிற வரைக்கும் அப்படியே நின்றேன். பிறகு மூணாவதையும் சொல்லிவிட்டு இறங்கினேன். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. துடைத்துக்கொள்ளவும் இல்லை.

வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தபோது குரல் சுத்தமாகப் போயிருந்தது, வெறும் காற்றுத்தான் வந்தது. "எறங்கிட்டன்" என்றேன். என் மனைவிக்குக் கேட்கவில்லை. அருகில் வந்து காதைக் கொடுத்தாள். இன்னொரு தடவை சொன்னேன். சந்தோஷத்தை நேராகக் காட்டுகிற பழக்கம் அவளுக்குக் கிடையாது.

"கடைசி அடுக்கு என்னா வெலைக்கிப் போச்சு?" என்று கேட்டாள்.

வாயைத் திறந்தேன். யோசித்துப் பார்த்தேன். அந்த விவசாயியின் முகம் நினைவில் இருந்தது, பழத்தின் நிறம் இருந்தது, சுற்றி நின்ற அத்தனை பேரும் இருந்தார்கள். விலை மட்டும் ஞாபகம் வரவில்லை. இன்றுவரை வரவில்லை.